மலையிலிருந்து நாக்கு வரை: ஒரு ஜிங்க் மாத்திரையின் பயணம்

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே, ஆரவல்லி மலைச்சரிவில் ஜாவர் என்றொரு ஊர். அங்கே குன்றுகளின் அடிவாரத்தில் சுட்ட மண்குடுவைகள் மேடு மேடாகக் குவிந்து கிடக்கின்றன. முற்றின கத்தரிக்காயைப் போன்ற வடிவம். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் பாறையிலிருந்து துத்தநாகத்தை, அதாவது ஜிங்கை, பிரித்தெடுத்த குடுவைகள் அவை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும். உலையில் போட்டால் புகையோடு போய்விடும். போகிற ஆவியை வழிமறித்து, குடுவையின் கழுத்து வழியாகக் கீழே இறக்கி, குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். அந்த வித்தையை உலகத்திலேயே முதன்முதலாகப் பெரிய அளவில் செய்துகாட்டிய இடம் ஜாவர்.

அந்த உலோகம் இன்று 20 மில்லிகிராம் அளவில் ஒரு மாத்திரைக்குள் அடங்கி, விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே கரிசல்காட்டில் இருக்கும் மல்லாங்கிணறு வரை வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு கொடுக்கும் 14 ஜிங்க் மாத்திரைகளில் ஒன்று அது. சுரங்கம், உலை, தொழிற்சாலை, கிடங்கு, லாரி, செவிலியரின் தோள்பை எல்லாவற்றையும் தாண்டி வந்த பிறகு அதற்கு மிச்சமிருப்பது சில அங்குலத் தூரம்தான்: பிள்ளையின் உதட்டிலிருந்து தொண்டை வரை. பல வீடுகளில் அதன் பயணம் முறிவது அந்தச் சில அங்குலத்தில்.

கரிசல் இறுக்கிப் பிடித்த சத்து

துத்தநாகம் இந்தப் பக்கத்துக்குப் புதுசில்லை. ஜிங்க் சல்பேட் என்றால் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரிக்கு உடனே தெரியும். உரக்கடையில் வாங்கி அடியுரமாகத் தூவுகிற பொருள். கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், காரத்தன்மையும் அதிகம். அப்படிப்பட்ட மண் தனக்குள் இருக்கும் துத்தநாகத்தை வேருக்கு எட்டாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேருக்கு எட்டாதது கதிருக்கு வராது. கதிருக்கு வராதது கஞ்சிக்கும் வராது.

வந்ததிலும் ஒரு பங்கு உடம்பில் சேராமல் போகும். கம்பு, சோளம், பருப்பு எல்லாவற்றிலும் பைட்டேட் என்றொரு பொருள் இருக்கிறது. குடலுக்குள் அது துத்தநாகத்தைக் கட்டிப்போட்டு வெளியே இழுத்துப் போய்விடும். மாவைப் புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். புளித்த கம்பங்கூழ் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு தெரியாது, பலன் மட்டும் கிடைத்தது. இன்றைக்குப் பிள்ளைகள் கையில் கூழ்ச்சட்டி இல்லை. பாக்கெட் தின்பண்டத்திலும் வெறும் ரசஞ்சோற்றிலும் துத்தநாகம் தேடினாலும் அதிகம் கிடைக்காது.

மனித உடம்புக்குத் துத்தநாகம் இல்லாமல் ஆகாது என்பதை மருத்துவ உலகத்துக்கு உணர்த்தியவர் பீகாரில் பக்சரில் பிறந்த ஆனந்த பிரசாத். ஈரானில் ஷிராஸ் நகரத்தில் வேலை பார்த்தபோது, இருபது வயது தாண்டியும் சின்னப் பையனைப் போலத் தோற்றமளித்த வாலிபர்களை அவர் கண்டார். ரொட்டியும் களிமண்ணும் தின்று வளர்ந்தவர்கள். 1960களில் எகிப்தில் அவர் தொடர்ந்த ஆய்வு, துத்தநாகக் குறைவுதான் இந்த வளர்ச்சித் தடைக்குக் காரணம் என்று காட்டியது. இந்தக் கருத்தை மருத்துவ உலகம் முழுவதுமாக ஏற்றுக்கொள்ள வருஷங்கள் பிடித்தன.

பிள்ளைகளின் வயிற்றுப்போக்கோடு துத்தநாகத்தைச் சேர்த்துப் பார்த்த முக்கியமான சோதனை தில்லியில் நடந்தது. சுனில் சசாவல் குழுவினர் வயிற்றுப்போக்கோடு வந்த 937 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். துத்தநாகம் பெற்ற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நீடிக்கும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்திருந்தது. வெவ்வேறு நாடுகளிலும் இதே திசையில் முடிவுகள் வர, 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து அறிவித்தன: வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், கூடவே 10 முதல் 14 நாளைக்குத் துத்தநாகம் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. நடக்கிற நோயைச் சீக்கிரம் நிறுத்துவதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு இன்னொரு வயிற்றுப்போக்கு வராமல் காப்பதற்கும் அது உதவும்.

அறிவியல் முடிந்தது, அறிவிப்பும் வந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி எழுந்தது. இதைப் பிள்ளை விழுங்குமா?

இனிப்பை அணைக்கும் உலோகம்

துத்தநாகத்தின் ருசி தெரியவேண்டுமானால் ஒரு பழைய தகரக் குவளையின் விளிம்பை நக்கிப் பார்த்தால் போதும். முதலில் உலோகக் கரிப்பு, பின்னாலேயே நாக்கைச் சுருக்கும் துவர்ப்பு, கடைசியில் நெடுநேரம் போகாத ஒரு கசப்பு. நம் சித்த மருத்துவம் துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணுகிறது. நவீன உணர்வியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்ச்சியாகப் பார்க்கிறது: எச்சிலின் வழவழப்பு போய் நாக்கும் கன்னத்தின் உள்பக்கமும் உலர்ந்து உரசுவது. இரண்டு பார்வையிலும் சொல்லப்படுவது ஒன்றுதான். துத்தநாகம் நாக்குக்கு ருசியாலும் தொல்லை, ஸ்பரிசத்தாலும் தொல்லை.

"சீனியைக் கூடப் போட்டால் சரியாகிவிடுமே" என்று தோன்றும். ஆகாது. 2004-இல் ரஸ்ஸல் கீஸ்ட், பால் பிரெஸ்லின் முதலான ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். துத்தநாக சல்பேட் கரைசல் நாக்கில் பட்டால் பெரும்பாலான இனிப்புகளின் இனிப்பே மங்கிவிடுகிறது. கசக்கிற மற்ற மருந்துகளில் சர்க்கரை ஓரளவுக்குக் காவல் நிற்கும். இங்கே காவலுக்கு வந்தவனையே மருந்து மயக்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கான மருந்து செய்கிறவர்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை அதிகம் இல்லை.

பிள்ளையின் நாக்கு பெரியவர்களின் நாக்கு இல்லை என்பது இதைவிட முக்கியம். கசப்பை உணர்வதற்கென்று மனிதனுக்கு ஏறக்குறைய 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. காட்டில் கிடைத்ததைத் தின்று வாழ்ந்த காலத்தில் நஞ்சுள்ள செடிகள் பெரும்பாலும் கசந்தன. கசப்பைத் துப்பின பிள்ளை பிழைத்தது. பிறந்து சில மணி நேரமே ஆன சிசுவின் நாக்கில் கசப்பைத் தொட்டுவைத்தால் முகம் சுளித்து நாக்கை வெளியே தள்ளும். இனிப்பைத் தொட்டுவைத்தால் சப்பும். யாரும் சொல்லித் தந்ததில்லை. பெரியவர்களுக்குத் திகட்டும் அளவு இனிப்பைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்பதையும், கசப்பை உணரும் மரபணு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடுகிறது என்பதையும் அமெரிக்காவில் மொனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா பல வருஷங்களாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி அதே மருந்தைச் சப்புக்கொட்டிக் குடிப்பதும், இன்னொருத்தன் வீட்டையே கூட்டுவதும் வளர்ப்பின் குற்றமில்லை. பிடிவாதம் என்று நாம் அடிப்பதற்குக் கை ஓங்குகிற இடத்தில், உடம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

சல்லடை தேறிய துகள்

முதலில் சோதனைகளில் துத்தநாகத்தைத் திரவமாகக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு மாவட்டம் முழுக்கப் பாட்டில்களை ஏற்றி இறக்குவது எளிதல்ல. கனம், உடைதல், வெயில், திறந்தால் கெடுதல், அளவு தவறுதல் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சிக்கல்கள். பிரான்சைச் சேர்ந்த நியூட்ரிசெட் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்பூனில் கரையும் துத்தநாக மாத்திரையை உருவாக்கியது. தண்ணீரோ தாய்ப்பாலோ ஒரு ஸ்பூன் இருந்தால் போதும். பிறகு இந்தியத் தொழிற்சாலைகள் அதைக் கோடிக்கணக்கில் செய்ய ஆரம்பித்தன.

யுனிசெப்பும் உலக சுகாதார நிறுவனமும் வெளியிட்ட தயாரிப்பு வழிகாட்டி இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகக் கேட்டது. ஒன்று, 5 மில்லி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ மாத்திரை ஒரு நிமிஷத்துக்குள் முழுக்கக் கலைய வேண்டும். இரண்டு, உலோகக் கரிப்பு தெரியாமல் மறைக்கப்பட வேண்டும். முதலாவதைக் கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்க நாக்குதான் வேண்டும்.

கரையும் மாத்திரைகளுக்கு மருந்தியல் நூல்கள் இன்னொரு சோதனையும் வைத்திருக்கின்றன. மாத்திரையைத் தண்ணீரில் கலைத்து, 710 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் ஊற்றுவார்கள். எதுவும் மேலே நிற்காமல் இறங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான கண் அது. பிள்ளையின் தொண்டைக்கு அதுவே பெரிய வரம்புதான். ருசி தேறிய மருந்தையும் நறநறப்பு தோற்கடித்துவிடும். நாக்கில் மணல் பட்ட மாதிரி இருந்தால் பிள்ளை அதை முதலில் நாக்கு நுனிக்குக் கொண்டு வரும், பிறகு துப்பும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் உரைகல்லோடு இந்த அறிவைக் கையிலேயே வைத்திருந்தார்கள். சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு என்று ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டு உரைகல்லில் இத்தனை சுற்று என்று கணக்கு வைத்து உரைப்பார்கள். உரைத்த விழுதைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, சொரசொரப்பு இல்லை என்றால்தான் பாலாடையில் எடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்றுண்டு: மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், பால், நெய், வெந்நீர். எந்த மருந்துக்கு எந்த அனுபானம் என்பதும் மருத்துவத்திலேயே அடங்கும். உரைமருந்தில் எதை இன்றைக்குச் சிசுவுக்குக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வசம்பு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. ஆனால் நாக்கு ஏற்கும்படி மருந்தைப் பக்குவம் செய்வது வைத்தியத்தின் பாதி வேலை என்று அவர்கள் எண்ணினார்களே, அந்த எண்ணத்தை நாம் கைவிடக் கூடாது.

சிவப்பு சிரப்பின் கணக்கு

ஜிங்க் சிரப்பும் கடையில் கிடைக்கிறது. நிறமும் மணமும் இனிப்பும் சேர்ந்து, தாய்மார்களுக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1937-இல் அமெரிக்காவில் மாசெங்கில் நிறுவனம் சல்பனிலமைடு என்ற மருந்தை ராஸ்பெரி வாசனையோடு திரவமாக்கியது. கரைப்பதற்கு டைஎத்திலீன் கிளைக்கால் சேர்த்தார்கள். அதற்கே ஓர் இனிப்பு உண்டு. சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சும் அதுதான். விற்பனைக்கு விடும் முன் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் சோதித்தார்கள். நஞ்சா என்று சோதிக்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அவர்களில் பலர் பிள்ளைகள். மறுவருஷம் அமெரிக்காவில் புது மருந்துச் சட்டமே வந்தது. அதே நஞ்சு கலந்த மருந்தால் 1972-இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் மாண்டார்கள். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிப் இருமல் சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தச் சிரப்பில் கண்ட டைஎத்திலீன் கிளைக்காலின் அளவு 48.6 சதவீதம்.

இனிப்பை நான் குறை சொல்லவில்லை. மருந்து இனிக்கவேண்டும் என்று பிள்ளை கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற பொறுப்பை அலட்சியக்காரர்கள் கையில் விட்டதுதான் கொலையானது. ஸ்பூனில் கரையும் மாத்திரையின் பெரிய பலம் இங்கே இருக்கிறது. அதற்குத் தொழிற்சாலைக் கரைப்பான் வேண்டாம். கரைக்கும் தண்ணீர் தாயின் குடத்திலிருந்து வருகிறது, அல்லது அவள் மார்பிலிருந்து.

இனிப்பை விற்பவர்கள் ஓ.ஆர்.எஸ்.ஸையும் விடவில்லை. சர்க்கரை மிகுந்த பழச்சாறுகள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மருந்துக்கடையிலேயே விற்றன. அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடி, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களுக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பிள்ளை ருசித்துக் குடிக்கிறது என்பதற்காகவே தாய்மார்கள் வாங்கிய பானங்கள் அவை.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் ஆரஞ்சு மிட்டாய் ருசியில் வந்த சிறுவர் ஆஸ்பிரினை, மிட்டாய் என்றே நினைத்துப் பிள்ளைகள் பாட்டிலோடு தின்றார்கள். அந்த விபத்துகளுக்குப் பிறகுதான் 1970-இல் பிள்ளைகளால் திறக்க முடியாத மூடிகளுக்குச் சட்டம் வந்தது. மருந்து சகிக்கிற ருசியில் இருந்தால் போதும், ஆசைப்படுகிற ருசி ஆபத்து. பிள்ளையிடம் அதை மிட்டாய் என்று சொல்லிக் கொடுப்பதும் தவறு.

கிடங்கிலிருந்து வாசல்படிக்கு

1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மருந்து வாங்குகிறது. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வரும். அங்கே மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பாஸ்புக்கில் பதிந்து எடுத்துக்கொள்ளும். அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட தாளோடு நம் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு, கிராம சுகாதார செவிலியரின் பைக்கு, அங்கன்வாடி அலமாரிக்கு. தீவிர வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம் நடக்கும் நாட்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளைத் தேடியே போகும்.

மல்லாங்கிணறு மாதிரி வறண்ட பூமியில் கோடை என்றால் கண்மாய் வெடித்துக் கிடக்கும், குழாயில் தண்ணீர் முறைவைத்து வரும், பிடித்து வைத்த தண்ணீர் குடத்தில் நாள் கடக்கும். முதல் மழை இறங்கினால் தெருவில் ஓடுவதெல்லாம் தண்ணீரோடு கலக்கும். வயிற்றுப்போக்கின் காலம் இரண்டு முனையிலும் இருக்கிறது. மாத்திரை வந்து சேரும் வாசல்படி இப்படிப்பட்டது.

ஸ்பூனில் ஒரு நிமிஷம்

தாளின் பின்பக்கத்தை அழுத்தினால் மாத்திரை 'பட்'டென்று உள்ளங்கையில் விழும். வெள்ளை, தட்டை, விரல் நகத்தைவிடச் சிறியது. எவர்சில்வர் ஸ்பூனில் காய்ச்சி ஆறின தண்ணீரை முக்கால் அளவு விட்டு அதில் போட்டால், முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அடுத்த கணம் ஓரங்கள் ஊதி வெடிக்கும். மாவு சரிந்து தண்ணீர் பாலாக மாறும். விரலால் கலக்கக் கூடாது, ஸ்பூனை லேசாக ஆட்டினால் போதும். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். கொடுத்த பிறகு பார்த்தால் ஸ்பூனின் குழியில் வெள்ளை வண்டல் ஒட்டியிருக்கும். அதிலும் மருந்து இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊட்ட வேண்டும்.

அவசரத்தில் ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கலக்கினால் இரண்டு நஷ்டம். பிள்ளை பாதியைத்தான் குடிக்கும். மருந்து எவ்வளவு போனது என்று தெரியாது. இன்னொன்று இன்னும் மோசமானது. 1955-இல் ஜான் கார்சியா எலிகளை வைத்துக் காட்டியது: ஒரு ருசிக்குப் பின்னால் குமட்டல் வந்தால் உடம்பு அந்த ருசியை வெகுகாலம் மன்னிக்காது. துவர்த்த பாலைக் குடித்துக் குமட்டிய பிள்ளை, நாளைக்குப் பாலையே ஒதுக்கும். பருப்புசாதத்தில் மறைத்துவைத்தால் பருப்புசாதமும் போகும். பிள்ளை தினம் சாப்பிடும் சோற்றில் மருந்தை ஒளிக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

"ஏத்தா, மூக்கப் பிடிச்சு ஊத்து, தானா எறங்கும்" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் எல்லா வீட்டிலும் வரும். அன்பினால் வருகிற குரல்தான். ஆனால் அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்தால் அது வாயால் மூச்சை இழுக்கும், மருந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கடைவாய்ப் பக்கம் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். ஒவ்வொரு முறையும் விழுங்கியதைப் பார்த்து அடுத்தது. நாக்கின் நடுவில் கொட்டினால் முழு ருசியும் ஒரே அடியாகத் தெரியும். முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர். ஒரு வயது தாண்டியதென்றால் விரல் நுனியில் தொட்ட கருப்பட்டிப் பாகு. அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் இன்னொரு மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள். இரும்புச்சத்து சிரப்பும் கொடுக்கிற பிள்ளையென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம். குடலில் ஒன்றோடொன்று போட்டியிடும்.

ஐந்தாம் நாள்

வயிற்றுப்போக்கின் முதல் நாள் பிள்ளை துவண்டு கிடக்கும். உடம்பில் நீர் வற்றிய பிள்ளை ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தானே தேடிக் குடிக்கும்; உப்புக் கரிப்பு அதற்குத் தெரியாது. ஜிங்க் ஸ்பூனையும் எதிர்க்கத் தெம்பு இருக்காது. இரண்டு மூன்று நாளில் நீர் ஏறி, கண்ணில் ஒளி வந்து, பிள்ளை எழுந்து ஓட ஆரம்பிக்கும். அப்போது அதே ஓ.ஆர்.எஸ். கரிக்கும், அதே மாத்திரை துவர்க்கும். வீடு தேடி வரும் செவிலியருக்குக் கிடைக்கும் பதில் எங்கேயும் இந்த மாதிரிதான் இருக்கும்:

"நாலு நாளு குடுத்தேன் நர்சக்கா. அஞ்சாம் நாளு வாயே தொறக்க மாட்டேன்னுட்டான். போக்குதான் நின்னுருச்சே, நல்லாருக்க பிள்ளைய ஏன் அழவைக்கணும்னு விட்டுட்டேன்."

அந்தத் தாய் சோம்பேறியல்ல. நோய் தீர்ந்த பிள்ளைக்கு இன்னும் பத்து நாள் கசப்பு ஊட்டச் சொல்வது எந்தத் தாய்க்கும் கடினமான கட்டளை. ஆனால் துத்தநாகத்தின் மிச்ச வேலை அந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது: அரித்துப்போன குடல் சுவரை மறுபடி எழுப்பவும், அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கான காவலைப் போடவும். ஆகவே ஒரு மருந்து எவ்வளவு சகிக்கும்படி இருக்கவேண்டும் என்பதைப் படுத்த பிள்ளையை வைத்து முடிவு செய்ய முடியாது. ஓடி விளையாடும் பிள்ளையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படுத்த பிள்ளை எதையும் விழுங்கும். எழுந்த பிள்ளைதான் மருந்தின் உண்மையான பரீட்சகர்.

குமட்டலுக்கு நாக்கு மட்டும் காரணமில்லை, வயிறும் காரணம். துத்தநாகம் இரைப்பையை உறுத்தும். 2020-இல் வெளியான ஒரு பெரிய சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 பிள்ளைகளுக்கு 20, 10, 5 மில்லிகிராம் என்று மூன்று அளவில் 14 நாள் துத்தநாகம் கொடுத்தார்கள். கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தவர்கள் 20 மில்லிகிராமில் 19.3 சதவீதம், 10-இல் 15.6, 5-இல் 13.7. வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்துவதில் குறைந்த அளவு பின்தங்கவில்லை. பிள்ளை துப்புகிறது, கக்குகிறது என்று தாய்மார்கள் சொன்ன புகாரை அறிவியல் கடைசியில் காதில் வாங்கிக்கொண்டு, மருந்தின் அளவையே மறுபடி எண்ணிப் பார்த்த தருணம் அது.

காதில் வாங்கிய இடங்களில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. எச்.ஐ.வி. பாதித்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் குமட்டிக் குடித்த கசப்புத் திரவத்துக்குப் பதிலாக ஸ்ட்ராபெரி வாசனையோடு தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் மாத்திரை வந்தது. காசநோய்ப் பிள்ளைகளுக்குப் பல மாத்திரைகளை நொறுக்கிக் கொடுத்த காலம் போய், பழ வாசனையில் கரையும் கூட்டு மாத்திரை 2015-இல் வந்தது. இவற்றில் பெரும்பங்கைச் செய்துகொடுப்பவை இந்தியத் தொழிற்சாலைகள். அந்தத் திறமை நம்மிடமே இருக்கிறது.

ஐரோப்பிய மருந்து முகமை பிள்ளைகளுக்கான மருந்து, பிள்ளை ஏற்கும் சுவையில் இருக்கிறதா என்று தயாரிப்பு நிலையிலேயே காட்டச் சொல்லி 2013-இல் வழிகாட்டி எழுதியது. நம் மாநிலம் கோடிக்கணக்கில் மருந்து வாங்கும் மாநிலம். வாங்குகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. மருந்தின் அளவு சரியா, கலைகிறதா, கெட்டுப்போகவில்லையா என்று ஆய்வகம் பார்ப்பது போலவே, பிள்ளை விழுங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கரிசல்காட்டு அங்கன்வாடிகளில் தாயும் செவிலியரும் முன்னிருக்க, வயிற்றுப்போக்கு தீர்ந்து ஐந்தாம் நாள், பத்தாம் நாள் எத்தனை பிள்ளைகள் துப்பாமல் விழுங்கின என்ற கணக்கு போதும். அந்தக் கணக்கில் தோற்ற மாத்திரையை அடுத்த முறை வாங்காமல் இருந்தால், தொழிற்சாலைகள் தானாகவே திருந்தும்.

ஜாவரின் குடுவைக்காரர்கள் ஆவியாகப் போன உலோகத்தைக் கடைசித் துளி வரை பிடித்தார்கள். மாத்திரையின் கடைசிச் சில அங்குலத்திலும் அதே கவனம் வேண்டும். விழுங்கப்படாத மருந்தை அரசு எவ்வளவு வாங்கினாலும் அது செலவுக் கணக்கில் மட்டும்தான் சேரும், பிள்ளையின் குடலில் சேராது. பிள்ளையின் நாக்கையும் மருந்தின் தரத்தில் ஓர் அங்கமாக எண்ணுகிற நாளில்தான் 14 மாத்திரைகளும் தங்கள் வேலையை முடிக்கும்.